சாமி மேடையில் இரண்டு கார்கள்

என் அண்ணனின் காரை நான் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி படிப்பதற்குள் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். திருடுவது என்றால் எடுத்து ஒளித்து வைப்பது. நான் எடுத்தேன், ஒளித்து வைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே அதிக வெளிச்சமான இடத்தில், பூவுக்கும் பழத்துக்கும் நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படிதான் வைத்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணனுக்குப் பதினைந்து. மலேசியாவின் கூலாயில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா செனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பார். நானும் அண்ணனும் கார் கட்டினோம்.

கார் என்றால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான பந்தயக் கார். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வரும். நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துப் பூட்ட வேண்டும். இரண்டு பேட்டரி, கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார், நான்கு பல்சக்கரம், பக்கவாட்டில் சுவரை உரசி ஓட நான்கு உருளை. ரிமோட் எல்லாம் கிடையாது. சுவிட்சைத் தட்டிவிட்டால் எதிலாவது போய் முட்டும்வரை ஓடும். இந்த விஷயத்தில் காருக்கும் எனக்கும் குணம் ஒன்று என்று அம்மா சொல்வார்.

அண்ணனின் கார் கறுப்பு. எடையைக் குறைக்க வேண்டும் என்று அதன் மேல்மூடி முழுவதும் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டிருந்தான். அது காரைப் போலவே இருக்காது, முறுக்குக் குழலின் அச்சைப் போல இருக்கும். ஆனால் என்ன ஓட்டம்! என்னுடையது சிவப்பு. அழகென்றால் அழகு. வண்ணம் பூசி, கோடு கிழித்து, முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை ஓட்டுநரைக்கூட உட்கார வைத்திருந்தேன். எங்கள் பேச்சில் காருக்குக் காடி என்று பெயர். அண்ணன் அந்த ஓட்டுநரைப் பார்த்து, "ஆளு தூங்குறாரு போல. அதான் உன் காடி மெதுவா வருது" என்பான். எனக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? நான் அவனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கூடத்தில், வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில், பள்ளி விடுமுறையில், தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எப்போது ஓட்டினாலும் அவன்தான் முதல். பல்சக்கரத்துக்கு அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை விட்டுப் பார்த்தேன். அது தீர்ந்துபோன நாளில் தேங்காய் எண்ணெயை விட்டேன். கார் மணத்தது, ஓடவில்லை.

பெரிய கடைத்தெருவில் ஒரு சீனர் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்தார். முதலாளி என்ற அர்த்தத்தில் நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கடையின் பின்பக்கம் மூன்று பாதை கொண்ட ஓடுதளம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு முறை பெரிய போட்டி. ஜெயிக்கிறவரின் பெயரைச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதி, அடுத்த போட்டிவரை அழிக்காமல் வைத்திருப்பார். கடைசி இரண்டு முறையும் அந்தப் பலகையில் என் அண்ணனின் பெயர்தான். பென்சில் வாங்கப் போனாலும் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டும். அப்பாவின் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "உன் அண்ணனாம்மா? கெட்டிக்காரன்லா" என்றார். நான் பென்சில் வாங்காமலே வந்துவிட்டேன்.

அந்த வருடம் அண்ணனைப் பற்றி வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஜனவரியிலிருந்து அவன் ஈப்போவில் பெரியப்பா வீட்டில் தங்கி, அங்கே தொழில்நுட்பப் பள்ளியில் படிக்கப் போகிறான். ஆக அக்டோபரில் வருகிற பெரிய போட்டிதான் அவனுக்குக் கடைசி. எனக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. அவன் ஊரைவிட்டுப் போவதற்குள் அந்தப் பலகையில் அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். இரவும் பகலும் எனக்கு இதே நினைப்பு. பலகையில் பெயர் வருவதும் அண்ணனை ஜெயிப்பதும் ஒன்றுதான் என்று அப்போது நம்பினேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை, எங்கள் வீட்டில் ஆயுத பூசை.

எங்கள் வீட்டு ஆயுத பூசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா அன்று சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் எதையும் விடமாட்டார். அப்பாவின் மோட்டார் சைக்கிள், சலவை இயந்திரம், ஐஸ்பெட்டி, கணினி, சுவர்க்கடிகாரம், எல்லாவற்றுக்கும் பொட்டு. தூக்கி வைக்க முடிகிறவை சாமி மேடைக்கு வந்துவிடும். அப்பாவின் ஸ்பேனர் பெட்டி, அம்மாவின் தையல் மிஷின், எங்கள் பள்ளிப் புத்தகங்கள். கற்பூரம் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் தொடக் கூடாது. மறுநாள் சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து, இன்னொரு முறை கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். இது அம்மாவின் சட்டம். எனக்கும் அண்ணனுக்கும் பிடித்த சட்டம். அவன் முந்தைய வருடம் டியூஷன் புத்தகங்களைக்கூட ஒன்றுவிடாமல் கொண்டுபோய் மேடையில் அடுக்கிவிட்டு, "என்னம்மா செய்றது, படிக்க ஒண்ணுமில்ல" என்று நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தவன்.

யோசனை எனக்கு அதிலிருந்துதான் வந்தது. ஆகவே இதில் அவனுக்கும் பங்கு உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் டியூஷனுக்குப் போயிருந்தான், எட்டு மணிக்குத்தான் வருவான். அப்பாவுக்கு மறுநாள் விடிகாலை வேலை என்பதால், அவனுக்காகக் காத்திருக்காமல் ஏழு மணிக்கே பூசையை முடித்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார். அம்மா சமையலறையில் சுண்டல் தாளிக்கிற நேரம் பார்த்து, அண்ணனின் மேசையிலிருந்து கறுப்புக் காரை எடுத்தேன். மேடையில் அப்பாவின் ஸ்பேனர் பெட்டிக்கு மேல், சரஸ்வதி படத்துக்கு நேர் எதிரே வைத்தேன். ஒரு செவ்வந்திப் பூவைக் கிள்ளி அதன் ஓட்டையொன்றில் செருகவும் செய்தேன். பக்தியில் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

அம்மா சந்தனத்தோடு வந்தார். காரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, இங்க பாருங்க. பெரியவன் அவன் காடியக்கூட கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கான். இந்த வயசுல எத்தன பிள்ளைங்களுக்கு இந்தப் புத்தி வரும்?"

அப்பா தூக்கக் கலக்கத்தில், "ம், நல்ல பிள்ள" என்றார்.

நான் மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். அம்மா காரின் நெற்றியில் ஒரு பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு பொட்டு, இடம் பார்த்து இடம் பார்த்து உருளைகளுக்கும் சந்தனத்தை அப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னுது எங்க?"

"எது?"

"உன் காடி. அண்ணன் அவனா வச்சிருக்கான், ஒனக்குச் சொன்னாதான் தெரியுமா? போய் எடுத்தா."

திருதிருவென்று விழித்தேன். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். சாமிக்கு எதற்கு பேட்டரி என்றார் அம்மா. சக்கரம் கழன்றிருக்கிறது என்றேன். கும்பிட்டால் சரியாகும் என்றார். "நல்ல நேரம் போகுதும்மா" என்று அப்பா கொட்டாவி விட்டார். நான் போய் என் சிவப்புக் காரை எடுத்து வந்து, கறுப்புக் காருக்குப் பக்கத்தில் வைத்தேன். பொம்மை ஓட்டுநரின் முகமே தெரியாத அளவுக்கு அம்மா சந்தனம் பூசினார். கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

எட்டு மணிக்கு வந்த அண்ணன், மேடையைப் பார்த்துவிட்டு அலறிய அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "அலமாக்! யாரு என் காடிய அங்க வச்சது?"

"நீதான வச்ச?" என்றார் அம்மா.

"நான் வைக்கலம்மா!"

"அப்ப சாமியே எறங்கி வந்து எடுத்து வச்சிக்கிட்டாரா?"

"அம்மா, நாளைக்கு ரெண்டு மணிக்குப் போட்டிம்மா. நான் எடுத்துக்கிறேன்மா. ஓட்டிட்டுத் திரும்ப வச்சிடுறேன்."

"தாராளமா எடு. மூணு நாள்ல பரீட்ச ஒனக்கு. சாமிகிட்ட வச்சத எடுத்துட்டுப் போயி, அப்புறம் கோட்ட விட்டுட்டு வந்து அழுதா நான் கேக்க மாட்டேன்."

அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கணக்கில் கொஞ்சம் சுமாரான ஆள் அவன். அப்புறம் உட்கார்ந்து யோசித்து, கார் ஸ்பேனர் பெட்டி மேல் இருந்ததால் அப்பாதான் பெட்டியோடு சேர்த்துத் தூக்கி வந்திருப்பார் என்று ஒரு முடிவுக்கு வந்தான். அப்பா அதற்குள் தூங்கிவிட்டார். காலையில் நாங்கள் எழுந்திருப்பதற்குள் வேலைக்கும் போய்விட்டார். வாயில்லாத அந்த மனிதர்மேல் பழி விழுந்ததில் எனக்கு நிம்மதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பசியாறாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கும் இடியப்பம் இறங்கவில்லை. என் திட்டப்படி அந்நேரம் நான் சிவப்புக் காருக்குச் சக்கரம் துடைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பத்து மணி இருக்கும், அவன் திடீரென்று எழுந்து போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தான். உடைந்தது, தேய்ந்தது, கழற்றிப் போட்டது என்று இத்தனை வருட உதிரிகள் எல்லாம் அதில் இருந்தன.

"வா, ஒண்ணு கட்டுவோம்" என்றான்.

"இத வச்சா?"

"சும்மா ஒக்காந்திருந்தா மட்டும் ஜெயிக்கப் போறமா?"

நான்கு மணி நேரம்கூட இல்லை. நான் முதல் கார் கட்டியபோது விரிசல் விட்டிருந்த அடிச்சட்டம் ஒன்று கிடைத்தது. அதைப் பசையால் ஒட்டினோம். பெட்டியோடு வருகிற, சீண்டுவாரற்ற சாதாரண மோட்டார் ஒன்று இருந்தது. முன்சக்கரம் ஒரு அளவு, பின்சக்கரம் வேறு அளவு. மேல்மூடிக்கு முன்பாதி மஞ்சள், பின்பாதி நீலம், நடுவில் ஒட்டுநாடா. உருளை மூன்றுதான் தேறியது. நான்காவதுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் வீட்டைச் சுற்றிவந்தோம். அம்மாவின் தையல் மேசை இழுப்பறையைத் திறந்து, நூல் சுற்றுகிற பிளாஸ்டிக் பாபின் ஒன்றை நான் எடுத்தேன்.

"அது சாமி பொருளு இல்லையா?" என்றான் அண்ணன் பயந்துபோய்.

"மிஷின்தான் சாமிகிட்ட இருக்கு. பாபின் இழுப்பறையிலதான இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது. பாபினைத் திருகாணியில் கோத்தோம். சுற்றியது. அதில் அம்மா சுற்றி வைத்திருந்த பச்சை நூல் அப்படியே இருந்தது, அவிழ்க்க நேரமில்லை. அந்தக் காலைப்பொழுது முழுக்க அவன் ஒருதடவைகூட என்னைக் கிண்டல் செய்யவில்லை. "நீ பிடி, நான் முடுக்குறேன்" என்றான், "இத எப்படி யோசிச்ச?" என்றான். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் பேட்டரி போட்டேன்.

சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். தவுக்கே ஒரு கையில் மீ நூடுல்ஸ் கிண்ணமும் மறுகையில் சாப்ஸ்டிக்குமாகப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் காரைப் பார்த்ததும் சாப்ஸ்டிக் நின்றுவிட்டது.

"ஐயோயோ! இது காடியா, ரோஜாக்கா?" என்றார். பழமும் சோயாக் கட்டியும் எதுவும் எதுவுமாகக் கலந்து விற்கிற அந்தப் பலகாரத்தைச் சொன்னதும் கடையே சிரித்தது.

ஒரு காருக்கு ஒரு பெயர்தான் எழுதலாம். அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டினான். "உன் பேர எழுது. அடிச்சட்டம் உன்னோடது, பாபின் ஐடியாவும் உன்னோடது. என் பேருதான் ஏற்கனவே ரெண்டு தடவ வந்துடுச்சே."

நான் எழுதினேன். அவன் காரை மேடையில் வைத்த அதே கையால்தான் எழுதினேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரோஜாக் வேகமான கார் இல்லை. ஆனால் அன்றைக்கு வேகமான கார்களுக்கெல்லாம் நேரம் சரியில்லை. ஓடுதளத்தில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தில் பாலம் போல ஒரு மேடு உண்டு. வேகமாக வருகிறவை அதில் எகிறி வெளியே விழும். முதல் சுற்றில் இரண்டு கார் எகிறியது. இரண்டாவது சுற்றில் ஒன்று. எங்களுடையது ஒவ்வொரு மேட்டிலும் கிழவர் படியேறுவது போல ஏறி இறங்கி, கடகடவென்று வந்து சேர்ந்தது. இறுதிச் சுற்றில் செனாய்ப் பையன் ஒருவனின் கார். அவனுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறவர், அங்கிருந்து மோட்டார் வாங்கி வந்து கொடுத்திருந்தார். விட்டதும் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். இரண்டு சுற்று முன்னால் இருந்தது. கடைசி மேட்டில் எகிறியது, பறந்தது, நேராகப் போய்த் தவுக்கேயின் மீ கிண்ணத்தில் விழுந்தது. குழம்புக்குள்ளும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததால் முன்வரிசையில் நின்ற எல்லார் சட்டையிலும் சாறு.

அந்த அமளியில் ரோஜாக் தன்பாட்டுக்கு வந்து கோட்டைத் தாண்டியது.

அண்ணன் என்னைத் தூக்கிவிட்டான். "என் தங்கச்சி! என் தங்கச்சி!" என்று கத்தினான். தவுக்கே வாயைத் துடைத்துக்கொண்டே பலகையில் அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள். அண்ணனும் அப்படியே நம்பி, தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்தான். மீ வாசனை அடித்தது.

திரும்பும் வழியில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அண்ணே. உன் காடிய அப்பா வைக்கல. நான்தான் வச்சேன்."

சைக்கிள் நின்றது. இறங்கினான். என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டுவான், ஒன்று வைப்பான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்தபோது அவன் மறுபடி ஏறி உட்கார்ந்திருந்தான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

சாயங்காலம் அப்பா வந்தார், கற்பூரம் காட்டினோம். அம்மா விடாமல் கேட்டார். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லு, காடிய யாரு வச்சது?" அப்பா, "நான் இல்லப்பா" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாம்மா வச்சேன். மறந்துட்டேன்" என்றான் அண்ணன்.

அம்மா அவன் தட்டில் இன்னும் ஒரு வடை வைத்தார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அவன் இரண்டு காரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். காய்ந்து கெட்டியாகிவிட்ட சந்தனத்தைப் பழைய பல்துலக்கியால் சுரண்டினான். முதலில் என்னுடையதை எடுத்தான். உருளை, சக்கரம், பொம்மை ஓட்டுநரின் முகம் வரைக்கும் துடைத்து, ஊதிப் பார்த்தான். பிறகுதான் தன்னுடையதைத் தொட்டான். இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து புது பேட்டரி போட்டான்.

வரிசை வீடுகளின் பின்னால் நீளமாக ஒரு லோங்காங் உண்டு. மழை இல்லாத நாளில் அந்தச் சாக்கடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். இரண்டு காரையும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"விடு" என்றான்.

விட்டோம். என் சிவப்புக் கார் பாதி வழி போவதற்குள் கறுப்புக் கார் கடைசி வீட்டைத் தாண்டிவிட்டது. எடுத்து வந்து மறுபடி விட்டோம். மறுபடியும் அதேதான். மூன்றாம் முறையும்.

"யாரு ஜெயிச்சது?"

"நீதான்."

"போர்டுல யாரு பேரு?"

"என் பேரு."

"ம். இருக்கட்டும்" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை.

ஜனவரியில் கறுப்புக் காரையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனான். பலகையில் என் பெயர் இருந்தது. நான் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளிவிட்டு வந்ததும் சிவப்புக் காரை லோங்காங்கில் விடுவேன். கடைசி வீடுவரை ஓடும். நான் பின்னால் ஓடிப்போய் எடுத்து வருவேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசியில் அழைத்தான். அம்மா பேசி முடித்து என்னிடம் கொடுத்தார்.

"காடி எப்படி ஓடுது?" என்றான்.

"சூப்பரா ஓடுது. டெய்லி நான்தான் ஃபர்ஸ்ட்."

"யாரோட விடுற?"

நான் தொலைபேசியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.